எலும்புல ஒண்ணும் இல்ல

விக்டோரியா டீச்சர் ஆட்டோவில் ஏறும்போதே ஒரு முடிவோடுதான் ஏறினார். ஸ்கேன் எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும். பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போங்க’ என்று டாக்டர் வாயாலேயே சொல்லட்டும். அதைக் காதால் கேட்கத்தான் அவரும் கிளம்பினார். மருமகளுக்குத் துணைக்குப் போகிறேன் என்று விளாங்குடியில் பக்கத்து வீட்டில் சொன்னதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு.

போன வாரக் கதையைப் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் திரும்பச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

டீச்சரின் ஒரே மகன் ஸ்டீபன், மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அவன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள் தமிழ்வாணி. மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி, அப்பா மருது காலத்தில் கொஞ்சம் சொந்த வயல், இவள் டிப்ளமோ முடித்துக் கப்பலூர் ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை.

பங்குத் திருவிழாவில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். நாலு தெருக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்குமே, அந்த அன்பியங்களுக்கு இடையில்தான் போட்டி. டீச்சரின் அன்பியத்தில் ஓர் ஆள் குறைந்தது. “எங்க வீட்ல ஒருத்தி இருக்காளே, மேலூர்க்காரி. ஒத்தையா நின்னு இழுத்துப் போட்ருவா” என்று தமிழ்வாணியைக் கொண்டுபோய்க் கயிற்றின் கடைசியில் நிறுத்தியது டீச்சரேதான்.

குதிகாலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். “யாரோ பின்னாடி மிதிச்சுட்டாங்க அத்தை” என்றாள். கடைசி ஆளுக்குப் பின்னால் யார் இருக்கப் போகிறார்கள்? வெறும் மைதானம்தான் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அணியும் தோற்றது.

மறுநாள் கால் வீங்கியது. ஸ்டீபன் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்து வந்தான். எலும்பு முறிவு இல்லை. அவ்வளவுதான், டீச்சருக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரத்தில், அந்த எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். “நீங்களே பாருங்க. எலும்புல ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கு. இவ என்னடான்னா நொண்டி நொண்டி நடக்குறா. யாரோ மிதிச்சாங்களாம், பேயி வந்து மிதிச்சிருக்கும்போல!”

எல்லோரும் படத்தை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். தமிழ்வாணி அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் அந்தக் காலை இழுத்துக்கொண்டே ஷிப்ட் போனாள். நேற்றுத்தான் கம்பெனிக்கு வரும் டாக்டர் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்கால் சதையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். நல்ல காலில் அமுக்கியதும் பாதம் துள்ளியது. இந்தக் காலில் பாதம் அசையவே இல்லை. “நாளைக்கே ஸ்கேன் பாத்துரும்மா, தள்ளிப் போடாத” என்றார். ஸ்டீபனுக்கு ஆபீசில் பரீட்சை வேலை. காலையில் அவளோடு வர முடியவில்லை. அதனால்தான் மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில்.

*

ஸ்கேன் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. டாக்டர் ஷெரின் சின்ன வயசுப் பெண். டீச்சரைப் பார்த்து, “நீங்க?” என்றாள்.

“மாமியார். ரிட்டயர்டு ஹெச்.எம்.”

எங்கே போனாலும் இரண்டாவதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

“உக்காருங்க மேடம். முதல்ல நல்ல காலைப் பாத்துருவோம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்.”

தமிழ்வாணி குப்புறப் படுத்திருந்தாள். பாதங்கள் கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டர் ஜெல்லைத் தடவி, கையில் இருந்த கருவியைக் குதிகாலுக்கு மேலே வைத்து நகர்த்தினாள். திரையில் வெள்ளையாக, வரி வரியாக, ஒரு பட்டை நீளமாகப் போனது.

“இந்தப் பட்டை தெரியுதா மேடம்? கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இதுதான் சேத்துப் பிடிச்சிருக்கு. தசைநாண்னு சொல்லுவோம். நம்ம குதிகாலைத் தூக்கி நடக்குறது இதை வச்சுத்தான்.”

டீச்சர் வகுப்பில் நல்ல மாணவி மாதிரி தலையாட்டினார்.

அடுத்து மற்ற கால். அதே வெள்ளைப் பட்டை வந்தது. வந்துகொண்டே இருந்தது, பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் கருப்பாக ஓர் இடம். கருவியை இன்னும் மேலே நகர்த்தினால் பிய்ந்த நுனி ஒன்று தெரிந்தது. டாக்டர் ஒரு கையால் பாதத்தைப் பிடித்து மெதுவாக மேல்பக்கம் மடக்கினாள். திரையில் அந்தக் கருப்பு இடம் அகலமானது. பாதத்தை விட்டாள், குறுகியது.

 டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே டீச்சருக்கு விளங்கிவிட்டது.

“முழுசா அறுந்திருக்கு” என்றாள் டாக்டர்.

“எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு…” டீச்சர் இழுத்தார். குரல் அவருக்கே கேவலமாகக் கேட்டது.

“எக்ஸ்ரே எலும்புக்கு மேடம். எலும்பு உடையலன்னு சொல்லும், அம்புட்டுத்தான். இது அறுந்ததைப் பாக்கணும்னா இப்படித்தான் பாக்கணும்.” தமிழ்வாணியிடம் திரும்பினாள். “அடிபட்டப்ப எப்படி இருந்துச்சும்மா?”

“பின்னாடி இருந்து யாரோ மிதிச்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்.”

“கரெக்ட். இது அறுந்து வர்றவங்க நிறையப் பேர் அப்படியேதான் சொல்லுவாங்க. எப்ப நடந்துச்சு?”

“ஒன்றரை மாசம் ஆச்சு.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. “ஒன்றரை மாசமா இதோட நடந்துக்கிட்டா இருக்க? அன்னைக்கே வந்திருந்தா கட்டுப் போட்டே சேந்திருக்கலாம்மா. இப்ப நுனி ரெண்டும் விலகிப் போச்சு, அநேகமா ஆபரேஷன்தான் சொல்லுவாங்க. யாரு உன்ன நடக்க விட்டது? வீட்ல சொல்ல ஆள் இல்லையா?”

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இதோ சொல்லப் போகிறாள். சொல்லட்டும். நாலு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கினது இந்த அம்மாதான் என்று சொல்லட்டும்.

தமிழ்வாணி முகத்தைத் தலையணைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு சொன்னாள். “நாந்தான் டாக்டர் அசட்டையா இருந்துட்டேன். வீட்ல எல்லாரும் ரெஸ்ட் எடுக்கத்தான் சொன்னாங்க.”

அவள் திட்டியிருந்தால் டீச்சர் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். வாய்க்கு வாய் பேசி அவருக்கு வழக்கம்தானே. இப்படி ஒரு பொய்யைச் சொல்லி அவள் காப்பாற்றிவிட்டதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.  டாக்டர் தன்னைப் பார்க்கிறாளா என்று நிமிரக்கூடத் தைரியம் வரவில்லை.

*

எவ்வளவு இடைவெளி, சதை எப்படி இருக்கிறது என்று சர்ஜன் கேட்பார், எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிடலாம் என்றார்கள். வெளியே ஹாலில் காத்திருந்தார்கள். நல்ல கூட்டம்.

டீச்சருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தப் பழக்கம் அன்றைக்கு வினையாகப் போனது. பக்கத்து வீட்டு பிலோமினாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“என்ன டீச்சர், ஷூட்டிங் முடிஞ்சுதா? உங்க மருமக நல்லா நடிச்சாளா?”

எதிரே கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

“பிலோமினா, போனை வை. அப்புறம் பேசுறேன்.”

“அட, சும்மா சொல்லுங்க. டாக்டரு என்ன, இவளைக் கண்டுபிடிச்சுட்டாரா இல்லையா? நீங்கதான சொன்னீங்க, அடுப்படி வேலைக்குப் பயந்துக்கிட்டு நொண்டி நாடகம் போடுறான்னு…”

டீச்சர் திரையில் எங்கெங்கோ அழுத்தினார்.  பிலோமினா விடாமல் பேசிக்கொண்டே போனாள், அன்பியத்தில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக. தமிழ்வாணி மாமியார் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி, நிறுத்தி, திரும்பக் கொடுத்தாள்.

“சிவப்புல அமுக்கணும் அத்தை.”

 சுவரில் ஓடிய டிவியைப் பார்க்கத் தொடங்கினாள். சத்தமில்லாத டிவி, அதில் ஏதோ பாத்திர விளம்பரம். டீச்சருக்கு அந்த ஹாலில் இருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கே ஓடுவது? கைப்பையும் மருமகளும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

*

எம்.ஆர்.ஐ. அறைக்குள் பெரிய காந்தம், உடம்பில் ஒரு குண்டுமணி அளவு உலோகம்கூட இருக்கக் கூடாது என்றார் டெக்னீஷியன். தோடு, சங்கிலி, கொலுசு எல்லாம் தமிழ்வாணி கழற்றிக் கொடுத்துவிட்டாள். மெட்டி மட்டும் வரவில்லை. வீங்கின காலில் விரலோடு விரலாக இறுகிப் போயிருந்தது.

“சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்கம்மா” என்று ஒரு பிளாஸ்டிக் மக்கை நீட்டினார்.

தமிழ்வாணியால் அந்தக் காலை மடக்கிக் குனிய முடியவில்லை. டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“ஐயோ அத்தை, எந்திரிங்க. நான் பாத்துக்குறேன்.”

“காலை நீட்டு.”

ஒன்றரை மாதத்தில் அந்தக் காலை அவர் பக்கத்தில் பார்ப்பது இப்போதுதான். நொண்டுவதை மட்டும்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. கணுக்கால் இருக்கிற இடமே தெரியாமல் மெத்தென்று இருந்தது. காலைத் தாங்கிப் பிடித்தபோது அவர் விரல் குதிகாலுக்கு மேலே ஒரு குழியில் இறங்கியது. கெட்டியாக ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தொட்டாலே தெரிகிற விஷயம். ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால்!

ஒருநாள் இட்லி மாவு அரைக்கும்போது தான் சொன்னது டீச்சருக்கு ஞாபகத்துக்கு வந்தது. “வயக்காட்டுல வெறுங்காலோட கிடந்த சனம். அதுக்கு இம்புட்டு நோவு எப்படித்தான் வருதோ!” தமிழ்வாணிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். அவளுக்குக் கேட்டது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கடவுள் முன்னால் எல்லாரும் ஒண்ணு என்று பாடம் நடத்தின வாய்தான் அது. சாதிப் பேரைச் சொல்லவில்லையே என்று அன்றைக்கு மனதுக்குள் சமாதானம் வேறு செய்துகொண்டார். என்ன சமாதானம்? த்தூ!

மெட்டி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. விரலில் வெள்ளையாகத் தடம் பதிந்திருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, கேட்க வைத்துத்தான் பழக்கம். “வலிக்குதா?” என்று மட்டும் வந்தது.

“இல்லத்தை.”

அதுவும் பொய் என்று டீச்சருக்குத் தெரியும்.

*

அவள் உள்ளே இருக்கும்போது ஸ்டீபன் ஹெல்மெட்டும் கையுமாக ஓடி வந்தான்.

“தசைநாண் முழுசா அறுந்துருச்சாம்டா. ஆபரேஷன் பண்ணணும்போல” என்றார் டீச்சர்.  “நான் ஒரு பாவி. அந்தப் புள்ளைய ஊர் பூரா…”

ஸ்டீபன் ஆச்சரியப்படவில்லை. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் அவனை உற்றுப் பார்த்தார். முப்பது பிள்ளைகளில் எவன் பேனாவை எடுத்தான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் அவர்.

“என்னடா?”

“அன்னைக்கு எக்ஸ்ரே பாத்த டாக்டர் சொன்னாரும்மா. எலும்பு நல்லாருக்கு, ஆனா தசைநாண் அறுந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, ரெண்டு மூணு நாள்ல ஸ்கேன் பாத்துருங்கன்னு. வாணி வெளிய ஆட்டோல இருந்தா. அவளுக்குத் தெரியாது.”



“ஏன்டா சொல்லல?”

“வீட்டுக்கு வந்தா நீங்க அதுக்குள்ள நடிக்கிறான்னு ஆரம்பிச்சுட்டீங்க. ஸ்கேன்னு சொன்னா பெரிய சண்டையாகும்னு… ரெண்டு நாள் போகட்டும்னு விட்டேன். அப்புறம் நாள் ஆயிருச்சு. ஆனப்புறம் எப்படிச் சொல்றது? அவளுக்குத் தைலம் மட்டும் தேச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்.”

“என் மேல போடுறியா?”

“இல்லம்மா.”

“போடு. என் மேலயும் போடு, நான் அதுக்குத் தகுந்தவதான். ஆனா அவகிட்ட நீயே சொல்லிரு. இன்னைக்கே சொல்லிரு ஸ்டீபன். வேற யாரு வாயாலயும் அவ கேக்கக் கூடாது.”

தலையாட்டினான். சின்ன வயசில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும்போது எப்படித் தலையாட்டுவானோ அதே மாதிரி. அம்மாவுக்குப் பயந்துதான் அப்போதெல்லாம் பொய் சொல்வான். பயப்படுகிற பிள்ளை நல்ல பிள்ளை என்று டீச்சர் அப்போது பெருமையாக இருந்தார்.

*

சாயங்காலம் மேலூர் பஸ்ஸில் மருது வந்து இறங்கினார். சர்ஜன் பார்த்து, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துத் தற்காலிகமாகக் கட்டுப் போட்டிருந்தார். ஆபரேஷன் அடுத்த வாரம். பழையபடி ஓட முடியுமா என்று தமிழ்வாணி கேட்டதற்கு, “முதல்ல நல்லா நடக்க வைப்போம்மா” என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் வீட்டு ஹாலில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஸ்டீபன் பக்கத்தில்.

மருது எப்போதும்போல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் சம்பந்தியம்மா என்று அவர் வாயில் வந்ததில்லை. டீச்சரம்மாதான்.

“என்னம்மா இது? என்ன ஆச்சு?”

“கீழ விழுந்துட்டேன்ப்பா. நாந்தான் கவனிக்காம…”

“அவ விழல” என்றார் டீச்சர்.

உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுந்து நின்றார்.

“கயிறு இழுக்க விட்டது நான். அன்னைக்கே அறுந்துருச்சு. வலிக்குதுன்னா. நடிக்கிறான்னு சொன்னேன். வீட்ல மட்டும் சொல்லல, கூட்டம் கூட்டிச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். உங்க சனத்தைச் சேத்து ஒரு வார்த்தை சொன்னேன், அதை உங்க முன்னாடி என் வாயால திரும்பச் சொல்ல முடியல. அறுந்த காலோட இந்தப் புள்ளைய ஒன்றரை மாசம் நடக்க விட்டது நான்தான்.”

மருது எழுந்து சத்தம் போடுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். போட்டால் தேவலை என்றிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீங்க எனக்கும் போன் பண்ணுனீங்க டீச்சரம்மா” என்றார்.

டீச்சருக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது.

“எலும்புல ஒண்ணும் இல்ல, உங்க மகளுக்குப் புத்தி சொல்லுங்கன்னீங்க. மறுநா இவ போன் போட்டு அழுதா. கால் ஊன முடியலப்பா, கூட்டிட்டுப் போங்கன்னா. நான் வஞ்சுட்டேன். அம்புட்டுப் படிச்சவங்க பொய்யா சொல்லுவாங்க, பெரிய எடத்துல வாக்கப்பட்டா அடங்கி இருக்கப் பழகுன்னு வஞ்சுட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அதுக்கப்புறம் இவ என்கிட்ட கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. சரியாப் போச்சாக்கும்னு நானும் சந்தோசமா இருந்தேன். பெத்த புள்ளைய நம்பலையே நான்.”

“அப்பா, அழாதீங்க.”

“வாணி” என்றார் டீச்சர். “என்னை மன்னிச்சுரும்மா.”

தமிழ்வாணி அவரைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. ரொம்பக் களைப்பு.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு இப்ப வரலத்தை. வந்தா சொல்றேன்.”

டீச்சர் தலையாட்டினார். அதைக் கேட்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

மருது தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆபரேசன் முடிஞ்சு புள்ளைய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரவா? இங்க இனிமே…”

“வேண்டாம்ப்பா” என்றாள் தமிழ்வாணி. கையை நீட்டி ஸ்டீபனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அழாதவளுக்கு இப்போதுதான் கண் நிறைந்தது. “நீங்க நம்பல, அத்தை நம்பல, கம்பெனியிலயும் நேத்து வரைக்கும் நம்பல. இவர் ஒருத்தர்தான்ப்பா என்னை நம்புனாரு. ஒருநாள் கூட நடிக்கிறன்னு சொல்லல. தினம் தைலம் தேச்சு விட்டாரு. இவருக்காகத்தான் இந்த வீட்ல இருக்கேன். எங்கயும் வரல.”

மருது மருமகனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “நல்லா இருக்கணும் மாப்ள நீங்க.”

டீச்சர் மகனைப் பார்த்தார். சொல்லுடா. இப்பச் சொல்லிரு. இதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் சொல்ல முடியாதுடா.

ஸ்டீபன் மாமனாரின் கும்பிட்ட கைகளைப் பார்த்தான். மனைவி பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

“காபி போட்டுட்டு வாரேன் மாமா” என்று கையை மெல்ல உருவிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டான்.